‘அந்த பிளேன் ரொம்ப ஓ.பி. மச்சான்!’ - வான்சண்டை கேம்களில் தோற்பது விமானமா, விமானியா?

ஆன்லைனில் வான்சண்டை கேம் ஆடுகிற பிள்ளை இருக்கும் வீட்டில் இந்த வசனம் அடிக்கடி காதில் விழும். “அந்த பிளேன் ரொம்ப ஓ.பி. மச்சான். அதை எதுவுமே பண்ண முடியாது!”

ஓ.பி. என்றால் ஓவர் பவர். அளவுக்கு மீறிய பலம் கொடுக்கப்பட்ட விமானம் என்று அர்த்தம். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு புலம்பும் அந்தப் பையனின் விமானம் சற்று முன்புதான் புகைந்துகொண்டே தரையில் விழுந்திருக்கும். அவனைப் பொறுத்தவரை, கேமை உருவாக்கியவர்கள் எதிரிக்குச் சாதகமாக ஓரவஞ்சனை செய்துவிட்டார்கள்.

உண்மையிலேயே ஓரவஞ்சனைதானா? சில நேரம் ஆம். பல நேரம் இல்லை. எது எப்போது என்று தெரிந்துகொள்ள, 80 வருடங்களுக்கு முந்தைய நிஜப் போர் வானத்தைக் கொஞ்சம் எட்டிப்பார்க்க வேண்டும்.

இலவச கேம், நிஜ விமானங்கள்

வான்சண்டை கேம்களில் உலகம் முழுக்கப் பிரபலமானது ‘வார் தண்டர்’. கைஜின் என்டர்டெயின்மென்ட் நிறுவனத்தின் தயாரிப்பு. 2012-ல் சோதனை வடிவமாகப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. டவுன்லோடு செய்து ஆட காசு வேண்டாம். டாங்கிகளும் கப்பல்களும் பிறகு சேர்ந்தன. கைப்பேசிக்கென்று தனி வடிவமும் இருக்கிறது.

இதிலிருக்கும் விமானங்களில் பெரும்பாலானவை நிஜத்தில் பறந்தவை. அவற்றின் எடை, இன்ஜின் சக்தி, துப்பாக்கி எண்ணிக்கை எல்லாம் நிஜ ஆவணங்களை ஒட்டியே வடிவமைக்கப்படுகின்றன. ஆடுவதற்கு மூன்று முறைகள். ‘ஆர்கேட்’ எளிமையானது. எங்கே குறிவைத்துச் சுட வேண்டும் என்று ஸ்க்ரீனிலேயே ஒரு வட்டம் காட்டும். தோட்டா தீர்ந்தால் வானிலேயே நிரம்பிவிடும். ‘ரியலிஸ்டிக்’ முறையில் அந்த வட்டம் கிடையாது. தோட்டா தீர்ந்தால் ஓடுதளத்தில் இறங்கித்தான் நிரப்ப வேண்டும். விமானம் போனால் அந்த ஆட்டம் அவ்வளவுதான். ‘சிமுலேட்டர்’ முறையில் விமானியின் இருக்கையிலிருந்து தெரிவது மட்டுமே தெரியும்.

சிக்கல் தொடங்குவது இங்கேதான். நிஜத்தில் எந்த இரண்டு போர் விமானங்களும் சமமாக இருந்ததில்லை. சமமாக இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் நாடுகள் போட்டி போட்டுக்கொண்டு அவற்றைத் தயாரித்தன. அப்படிப்பட்ட விமானங்களை ஒரே மைதானத்தில் இறக்கிவிட்டு, “நியாயமான ஆட்டம்” என்று எப்படிச் சொல்வது?

ஆட்டோவும் லாரியும்

இரண்டு விமானங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, ஜப்பானின் ஸீரோ. இன்னொன்று, அமெரிக்காவின் பி-47 தண்டர்போல்ட்.

இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் இருந்த ஸீரோவின் வெற்று எடை சுமார் 1,700 கிலோ. இன்ஜின் சக்தி 940 குதிரைத்திறன். உச்ச வேகம் மணிக்கு சுமார் 530 கிலோமீட்டர். எடையைக் குறைக்க வேண்டும் என்பதற்காக விமானிக்குப் பின்னால் இருக்க வேண்டிய கவசத் தகட்டைக்கூட வைக்கவில்லை. குண்டு பட்டால் ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும் பெட்ரோல் டேங்க்கும் இல்லை. அதனால் காற்றில் இறகுபோலத் திரும்பும். ஆனால், ஒரு சரியான அடி பட்டால் தீப்பந்தம்.

தண்டர்போல்ட் நேரெதிர். வெற்று எடையே ஏறத்தாழ 4,500 கிலோ, ஸீரோவைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல். 2,000 குதிரைத்திறன் இன்ஜின். அதிக உயரத்தில் மணிக்கு 690 கிலோமீட்டரை நெருங்கும். இறக்கைகளில் 8 கனரக இயந்திரத் துப்பாக்கிகள். அடி வாங்கினாலும் பெரும்பாலும் வீடு திரும்பிவிடும். ஆனால், வளைந்து திரும்பச் சொன்னால் திணறும்.

சந்துக்குள் ஓடும் ஆட்டோவும், பைபாஸில் பறக்கும் லாரியும் மாதிரி. லாரியை ஓட்டிக்கொண்டு ஆட்டோவைத் துரத்தி சந்துக்குள் நுழைந்தால் மாட்டிக்கொள்வது லாரிதான். அதே ஆட்டோ பைபாஸுக்கு வந்தால் லாரியை எட்டிப்பிடிக்கவே முடியாது. இதில் எந்த வண்டி நல்ல வண்டி என்று கேட்பதில் அர்த்தமில்லை. சண்டை எங்கே நடக்கிறது, சந்திலா பைபாஸிலா என்பதுதான் கேள்வி.

மற்ற விமானங்களும் இப்படித்தான். பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் அழகாக வளையும். ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 சட்டென்று உயரம் ஏறும். அதே ஜெர்மனியின் ஃபோக்-வுல்ஃப் 190, பக்கவாட்டில் உருள்வதில் கில்லாடி. ஒவ்வொன்றுக்கும் ஒரு சந்து, ஒரு பைபாஸ் உண்டு.

புதிதாக ஆட வருபவர் செய்யும் முதல் தவறு, எந்த விமானம் கையில் கிடைத்தாலும் எதிரியின் வாலைப் பிடிக்க வட்டமடித்துத் திரும்புவது. தண்டர்போல்ட்டை வைத்துக்கொண்டு ஸீரோவுடன் இரண்டு சுற்று சுற்றினால் போதும். மூன்றாவது சுற்றில் ஸீரோ பின்னால் நிற்கும். உடனே அந்தப் பழைய வசனம் வரும், “ஸீரோ ரொம்ப ஓ.பி.”

உயரம் என்பது சேமிப்பு

ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் இருக்கும்போது வேகம் இல்லை, உயரம் இருக்கிறது. கீழே வரும்போது உயரம் போய், வேகம் வருகிறது. அந்த வேகமே மறுபக்கம் மேலே ஏற்றிவிடுகிறது. வான்சண்டையும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். உயரம் என்பது வங்கியில் போட்ட பணம். வேகம் என்பது கையில் இருக்கும் ரொக்கம். ஒன்றை இன்னொன்றாக மாற்றிக்கொள்ளலாம்.

கொஞ்சம் கணக்கு. மணிக்கு 360 கிலோமீட்டரில் பறக்கும் விமானத்தின் வேகத்தை முழுக்க உயரமாக மாற்றினால், காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், சுமார் 510 மீட்டர் ஏறலாம். அதே விமானம் 540 கிலோமீட்டரில் பறந்தால் ஏறத்தாழ 1,150 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது. கிடைத்த உயரம் இரண்டேகால் மடங்கு. வேகமாக வருபவரை மெதுவாகப் பறப்பவர் மேலே துரத்திச் செல்ல முடியாமல் போவதன் காரணம் இதுதான்.

ஒவ்வொரு முறை இறுக்கமாகத் திரும்பும்போதும் இந்தச் சேமிப்பு கரைகிறது. கனமான விமானத்துக்குக் கொஞ்சம் அதிகமாகவே கரையும். அதனால்தான் தண்டர்போல்ட் போன்ற விமானங்களுக்கு ‘பூம் அண்ட் ஸூம்’ என்ற உத்தி. மேலேயிருந்து பாய வேண்டும். நெருங்கி, ஒன்றிரண்டு விநாடி சுட வேண்டும். பட்டாலும் படாவிட்டாலும் திரும்பிப் பார்க்காமல் அதே வேகத்தில் மேலே ஏறிவிட வேண்டும். ஏறிய பிறகு நிதானமாகச் சுற்றிலும் பார்த்துவிட்டு, மறுபடி பாயலாம்.

கேட்க எளிது. செய்ய மனசு வராது. எதிரி இதோ ஸ்க்ரீனில் இருக்கிறான், இன்னும் ஒரே ஒரு திருப்பம் திரும்பினால் கிடைத்துவிடுவான் என்று கை பரபரக்கும். அந்த ஒரு திருப்பத்தில்தான் ஆட்டம் கைமாறும்.

ஸீரோவில் இருப்பவரின் வேலை, எதிரியை அந்த ஒரு திருப்பத்துக்கு ஆசைகாட்டி அழைப்பது. பாய்ந்து வருபவரைக் கடைசி நொடியில் விலகி ஏமாற்ற வேண்டும். மறுபடி வந்தால் மறுபடி விலக வேண்டும். பொறுமை இழந்து அவர் வளையத் தொடங்கியதும் சந்துக்குள் ஆட்டோ ராஜா.

ஒரு சுற்று கூடுதல்

இது கேமுக்காக யாரோ எழுதிய விதி கிடையாது. இதற்கு விலை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்க விமானப்படை அதிகாரி நீல் கியர்பி, 1943-ல் தண்டர்போல்ட் படைப்பிரிவோடு நியூ கினி தீவுக்கு வந்தார். இவ்வளவு கனமான விமானம் ஜப்பானியர்களின் இலகுவான விமானங்களுக்கு முன்னால் எடுபடாது என்று அங்கே பலர் நினைத்தார்கள். கியர்பி உயரத்திலிருந்து பாய்ந்து, சுட்டு, ஏறிச் செல்லும் உத்தியை வைத்தே அந்த எண்ணத்தை மாற்றிக்காட்டினார். 1943 அக்டோபர் 11 அன்று வேவாக் பகுதியில் ஒரே சண்டையில் 6 விமானங்களை வீழ்த்தினார். அதற்காக அமெரிக்காவின் மிக உயரிய வீர விருதான ‘மெடல் ஆஃப் ஹானர்’ கிடைத்தது. மொத்தம் 22 விமானங்களை வீழ்த்தியவர் அவர்.

1944 மார்ச் 5. மறுபடியும் வேவாக் அருகே. ஒரு ஜப்பானிய விமானத்தைச் சுட்டபின், வழக்கம்போல ஏறிச் செல்லாமல், தாழ்வான உயரத்திலேயே ஒரு முழு வட்டமடித்துத் திரும்பினார் கியர்பி. வேகம் கரைந்திருந்த அந்த நேரத்தில், ஸீரோவைப் போலவே இலகுவான கி-43 ரக விமானம் அவரைப் பின்னாலிருந்து சுட்டது. அவர் திரும்பவில்லை. தன் விமானத்தின் பலத்தை எல்லோரையும்விட நன்றாக அறிந்த ஒருவருக்கே, ஒரு சுற்று கூடுதலாகிவிட்டது.

கொழும்பு வானில் ஓர் ஈஸ்டர் காலை

உயரம் இல்லாதவர் கதி என்ன என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து புறப்பட்ட விமானங்கள் கொழும்பைத் தாக்கின. காவலுக்கு இருந்தவை பிரிட்டிஷ் ஹரிக்கேன் விமானங்கள்.

எச்சரிக்கை சரியான நேரத்தில் வந்து சேரவில்லை. ரத்மலானை ஓடுதளத்திலிருந்து ஹரிக்கேன்கள் எழும்பும்போதே ஸீரோக்கள் தலைக்குமேல் இருந்தன. உயரமும் இல்லாமல் வேகமும் இல்லாமல், சேமிப்பே இல்லாத நிலையில் சண்டை தொடங்கியது. இதில் இன்னொரு கொடுமை, ஐரோப்பாவில் ஹரிக்கேனின் பலமே வளைந்து திரும்புவதுதான். அந்த ஒரு விஷயத்தில் ஸீரோ அதற்கு அண்ணன். அன்றைய தாக்குதலில் பிரிட்டிஷ் தரப்பு 20-க்கும் மேற்பட்ட விமானங்களை இழந்தது. ஜப்பான் இழந்தது 7.

மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அந்த ஏப்ரலில்தான் மெட்ராஸிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரைக் காலி செய்தார்கள். அந்தக் காலத்து மனிதர்கள் உள்ள வீடுகளில் ‘ஜப்பான்காரன் குண்டு’ கதை இன்னமும் உயிரோடு இருக்கும்.

கேமின் ரியலிஸ்டிக் முறையில், ஆட்டம் தொடங்கியதும் எதிரியை நோக்கி நேராகப் பறக்கும் புது பிளேயர்களுக்கு நடப்பதும் இதேதான். அனுபவசாலிகள் முதலில் பக்கவாட்டில் விலகி, இரண்டு மூன்று நிமிடம் ஏறிக்கொண்டே இருப்பார்கள். பார்க்கப் போரடிக்கும். ஆனால், பாதி ஆட்டம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

தீக்குச்சியில் பிறந்த உத்தி

சரி, எதிரியின் விமானம் எல்லா வகையிலும் நம்முடையதைவிட உசத்தி என்றால்? வளைவதிலும் அதுதான், ஏறுவதிலும் அதுதான். அப்போது என்ன செய்வது?

அமெரிக்கக் கடற்படை விமானி ஜான் தாச் முன்னால் இருந்தது இந்தக் கேள்விதான். 1941-ல் ஸீரோவைப் பற்றிய உளவுத்தகவலைப் படித்தார். தன்னுடைய வைல்ட்கேட் விமானம் அதற்கு ஈடில்லை என்பது புரிந்தது. கலிபோர்னியாவில் தன் வீட்டு மேசைமேல் தீக்குச்சிகளை விமானங்களாக அடுக்கி, இரவு இரவாக நகர்த்திப் பார்த்தார்.

விடை, ஒரு விமானத்தில் இல்லை, இரண்டில் இருந்தது. இரண்டு விமானங்கள் இடைவெளி விட்டு இணையாகப் பறக்க வேண்டும். ஒருவரின் வாலில் எதிரி ஒட்டிக்கொண்டால் இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் திரும்ப வேண்டும். பாதைகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும். வாலைத் துரத்தி வரும் எதிரி, நண்பனின் துப்பாக்கிக்கு நேர் எதிரே வந்து நிற்பான். ஜடை பின்னுவதுபோல் மாறி மாறிக் குறுக்கே போய்க்கொண்டே இருக்க வேண்டும். இதன் பெயரே ‘தாச் வீவ்’ ஆனது. வீவ் என்றால் நெசவு.

1942 ஜூன் 4, மிட்வே சண்டையில் தாச் இதை முதன்முதலாகப் போரில் பயன்படுத்தினார். அவரோடு சென்றவை மொத்தம் 6 வைல்ட்கேட்கள். எதிரே பெரும் எண்ணிக்கையில் ஸீரோக்கள். ஒரு வைல்ட்கேட்தான் வீழ்ந்தது. தாச் கணக்கில் மட்டும் 3 ஸீரோக்கள். அதே சமயம், அவர்கள் காவலாகச் சென்ற 12 டார்பிடோ விமானங்களில் ஒன்றுகூடக் கப்பலுக்குத் திரும்பவில்லை. உத்தி எதிரியைத் தடுத்தது. எண்ணிக்கையை மாற்றிவிடவில்லை.

அதே ஜூன் 4 அன்று, வெகு வடக்கே அலாஸ்காவின் அகுட்டான் தீவில் ஒரு ஸீரோ சதுப்பில் இறங்க முயன்று கவிழ்ந்தது. விமானி தடாயோஷி கோகா அங்கேயே இறந்தார். ஐந்து வாரங்கள் கழித்து அமெரிக்கர்கள் அந்த விமானத்தைக் கண்டுபிடித்து, சரிசெய்து பறக்கவிட்டுப் பார்த்தார்கள். வெல்லவே முடியாது என்று பேர் வாங்கியிருந்த ஸீரோவின் பலவீனங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வேகம் கூடினால் அதன் கட்டுப்பாடுகள் இறுகிவிடுகின்றன. இடப்பக்கம் உருள்வதைவிட வலப்பக்கம் மெதுவாக உருள்கிறது. மூக்கைச் சட்டென்று கீழே அழுத்தினால் இன்ஜின் திக்குகிறது. ஆக, வால் பிடிபட்டால் வேகமாகக் கீழே பாய்ந்து வலப்பக்கம் உருண்டு தப்பிக்கலாம்.

வார் தண்டரிலும் ஸீரோவுக்கு வேகம் கூடினால் கட்டுப்பாடு இறுகும். 1942-ல் பிடிபட்ட ரகசியம், இன்று ஒரு பள்ளி மாணவனுக்கும் கைகொடுக்கிறது.

தெரு கிரிக்கெட் கணக்கு

இனி கேமை உருவாக்குபவர்களின் பக்கம். சமமில்லாத விமானங்களை வைத்து எப்படி அணி பிரிக்கிறார்கள்?

தெரு கிரிக்கெட்டில் நாம் செய்வதுதான். நன்றாக ஆடும் இரண்டு பேரை ஒரே பக்கம் விடமாட்டோம். கேமில் ஒவ்வொரு விமானத்துக்கும் ‘பேட்டில் ரேட்டிங்’ என்று ஓர் எண் இருக்கிறது. 1.0-ல் தொடங்கி 1.3, 1.7, 2.0 என்று ஏறிக்கொண்டே போகும். ஓர் ஆட்டத்தில் சேரும் விமானங்களுக்கிடையே அதிகபட்ச வித்தியாசம் 1.0. அதாவது 5.0 விமானத்தோடு போனால், அதிர்ஷ்டம் இருந்தால் எதிரே 4.0 விமானங்கள் வரலாம். இல்லாவிட்டால் 6.0 வந்து நிற்கலாம். ‘அப்டியர்’ ஆகிவிட்டது என்று பிளேயர்கள் அலுத்துக்கொள்வது இந்த இரண்டாவது நிலையைத்தான்.

இந்த எண்ணை எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் சுவாரஸ்யம். விமானத்தின் வேகமும் துப்பாக்கியும் மட்டும் இதை முடிவு செய்வதில்லை. அந்த விமானத்தை ஓட்டும் ஆயிரக்கணக்கானவர்கள் சராசரியாக எப்படி ஆடுகிறார்கள் என்ற புள்ளிவிவரத்தைப் பார்த்து நிறுவனம் எண்ணை ஏற்றும், இறக்கும். ஒரே விமானத்துக்கு ஆர்கேடில் ஓர் எண், ரியலிஸ்டிக்கில் வேறொரு எண் இருப்பதற்கும் இதுவே காரணம்.

நியாயமாகத்தானே தெரிகிறது? இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒரு விமானம் நிஜத்தில் அருமையானது. ஆனால், புதியவர்களே அதை அதிகம் ஓட்டுகிறார்கள், தவறாக ஓட்டித் தோற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சராசரி விழும். “இது பலவீனமான விமானம்” என்று கணக்கு சொல்லும். எண் இறங்கும். இப்போது விஷயம் தெரிந்த ஒருவர் அதை எடுத்தால், பழைய விமானங்களுக்கு நடுவே சிங்கம்போலத் திரிவார். அவரிடம் அடிவாங்கியவர் சொல்வார், “அந்த பிளேன் ரொம்ப ஓ.பி.!”

இதற்கு நேர்மாறும் நடக்கும். ஓட்டக் கஷ்டமான ஒரு விமானத்தைக் கை தேர்ந்தவர்கள் மட்டுமே விரும்பி ஓட்டினால் அதன் சராசரி உயரும். எண்ணும் உயரும். ஆசைப்பட்டு அதை வாங்கிய புதியவர், தன்னைவிட நவீன விமானங்களிடம் மாட்டிக்கொண்டு விழிப்பார். அந்த எண் அளப்பது விமானத்தையும் அதை ஓட்டும் கைகளையும் சேர்த்துத்தான். இரண்டையும் பிரித்துப் பார்க்க அதனால் முடியாது.

காசு கொடுத்தால் ஜெயிக்கலாமா?

பெற்றோர்கள் கேட்கும் கேள்வி இது. கேம் இலவசம்தான். ஆனால், பழைய விமானத்திலிருந்து நவீன ஜெட் வரை படிப்படியாகப் போக நிறைய நேரம் பிடிக்கும். நிஜப் பணம் கொடுத்தால் ‘பிரீமியம்’ விமானங்களை நேரடியாக வாங்கலாம். அவற்றில் கேமுக்குள் கிடைக்கும் வருமானமும் கூடுதல்.

இதன் விளைவு விசித்திரமானது. நேற்று சேர்ந்த ஒருவர் இன்று ஜெட் விமானத்தை வாங்கிவிடலாம். ஆனால், உயரத்தைச் சேமிப்பது, திரும்பாமல் இருப்பது, நண்பனோடு சேர்ந்து பறப்பது ஆகியவற்றை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஜெட் சண்டையில் ஏவுகணையும் சேர்ந்துகொள்வதால், எங்கிருந்து அடி வந்தது என்று தெரியும் முன்பே ஆட்டம் முடிந்துவிடும். பணமும் போய், சந்தோஷமும் போய், கோபம்தான் மிஞ்சும். அவரை நம்பியிருந்த அணிக்கும் அது நஷ்டம்.

நிஜமான ஓரவஞ்சனை என்று பிளேயர்கள் கருதியபோது அவர்கள் சும்மா இருக்கவும் இல்லை. 2023 மே மாதம், கேமுக்குள் சம்பாதிப்பதும் செலவும் தொடர்பான மாற்றங்களை நிறுவனம் அறிவித்தபோது, ‘ஸ்டீம்’ தளத்தில் எதிர்மறை விமர்சனங்களை ஆயிரக்கணக்கில் கொட்டினார்கள். நிறுவனம் அந்த மாற்றங்களைத் திரும்பப் பெற்றது. ஜூனில், என்னென்ன சரிசெய்யப்படும் என்று ஒரு பட்டியலையும் வெளியிட்டது.

சிலர் எல்லை மீறியதும் உண்டு. 2021-ல் பிரிட்டனின் சேலஞ்சர் 2 டாங்கி கேமில் தவறாக வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்று வாதாடிய ஒருவர், ஆதாரமாக ராணுவக் கையேட்டின் ரகசியப் பக்கங்களையே பதிவேற்றினார். நிறுவனம் அவற்றை நீக்கியது. பிறகு போர் விமானங்கள் தொடர்பான ஆவணங்களும் இதேபோல வெளியாகி நீக்கப்பட்டன. ஒரு கேமில் ஜெயிப்பதற்காக நாட்டின் ரகசியத்தை வெளியிட்டால் அது தண்டனைக்குரிய குற்றம். ‘பேலன்ஸ்’ விவாதம் எவ்வளவு சூடானது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

புதிதாக ஆடுபவர்களுக்கு 7 டிப்ஸ்

1. விமானத்தைத் தேர்ந்தெடுத்ததும் ஒரு கேள்வி கேளுங்கள். இது ஆட்டோவா, லாரியா? வளையும் விமானமா, பாயும் விமானமா? பதில் தெரியாமல் கிளம்ப வேண்டாம்.

2. முதல் சில நிமிடங்கள் உயரத்துக்கு. எதிரியை நோக்கி நேராகப் போகாமல் பக்கவாட்டில் விலகி ஏறுங்கள்.

3. டேங்க்கை நிரப்ப வேண்டியதில்லை. ஆட்டத்துக்குத் தேவையான அளவு எரிபொருள் போதும். எடை குறைந்தால் விமானம் சுறுசுறுப்பாகும்.

4. எதிரியோடு நேருக்கு நேர் மோதிச் சுடும் ஆசையை விடுங்கள். அதில் திறமையைவிட அதிர்ஷ்டத்தின் பங்கே அதிகம்.

5. தூரத்திலிருந்து தோட்டாவை வீணாக்காதீர்கள். முதல் உலகப் போரில், 1916-ல், ஜெர்மன் விமானி ஆஸ்வால்ட் போல்கே தன் படைக்கு எழுதிவைத்த விதிகளில் ஒன்று ‘நெருங்கிய பின்பே சுடு’ என்பது. ஸீரோவின் பெரிய பீரங்கிகளில் ஒவ்வொன்றுக்கும் 60 குண்டுகள்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

6. ஒரே இலக்கை வெறித்துப் பார்க்காதீர்கள். சில விநாடிகளுக்கு ஒருமுறை பின்னால் பாருங்கள். வீழ்த்தப்படும் பலர், வீழ்த்தியவரைப் பார்த்திருப்பதே இல்லை.

7. தனியாகப் போகாதீர்கள். நண்பர் ஒருவரோடு சேர்ந்து ஆடினால், தீக்குச்சி உத்தியை வீட்டிலிருந்தே பழகலாம்.

பெற்றோர்களுக்கு மூன்று

போனில் ப்ளே ஸ்டோரில் பணம் செலுத்தும்போது பாஸ்வேர்டு அல்லது கைரேகை கேட்கும்படி அமைத்துவிடுங்கள். பிரீமியம் விமானத்தின் விலை பில்லில் வந்த பிறகு சண்டை போடுவதைவிட இது நல்லது.

இரண்டாவது, இது குழுவாக ஆடும் கேம். பாதியில் நிறுத்த முடியாது. “இப்பவே எழுந்து வா” என்பதைவிட “இந்த மேட்ச் முடிஞ்சதும் வந்துடணும்” என்று சொன்னால் பேச்சு எடுபடும். எத்தனை மேட்ச் என்பதை ஆரம்பத்திலேயே பேசிவைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

மூன்றாவது, பிள்ளை ஓட்டும் விமானத்தின் கதையை அவர்களிடமே கேளுங்கள். எந்த நாடு, எந்தப் போர், ஏன் கவசம் இல்லை, ஓட்டியவர்கள் என்ன ஆனார்கள் என்று. இயற்பியலும் வரலாறும் தானாகப் பேச்சில் வரும். கியர்பிக்கும் கோகாவுக்கும் அடுத்த மேட்ச் என்று ஒன்று இல்லை என்பதும் அந்தப் பேச்சில் ஓர் இடத்தில் வரட்டும்.

‘வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்’ என்பார்கள். வான்சண்டை கேமில் அது பாதி உண்மை. கேமின் கணக்கு சில நேரம் தவறும், 6.0 விமானத்தின் முன்னால் 5.0 திணறத்தான் செய்யும். மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள, ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் ஒரு கேள்வி போதும். சுட்டு வீழ்த்திய அந்த விமானம் எந்த உயரத்திலிருந்து வந்தது? தலைக்கு மேலேயிருந்து என்றால், குறை சொல்ல வேண்டியது விமானத்தை அல்ல. அடுத்த ஆட்டத்தில் முதலில் ஏறுங்கள். பிறகு பார்க்கலாம், யார் ஓ.பி. என்று.